15 ஓமா, 11 ஓமா: பழைய எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கரை அடையாளம் காண்பது

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையிலோ தெரிந்தவர் வீட்டிலோ ஒரு ஜோடி எல்எஸ்3/5ஏ கண்ணில் பட்டால், விலை பேசுவதற்கு முன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பிபிசி வடிவமைத்த இந்தச் சின்ன ஸ்பீக்கர் 1970-களின் நடுவில் 15 ஓமாக (ஓம் என்பது மின்தடையின் அளவு) வந்தது. 1987 வாக்கில் 11 ஓமாக மாறியது. பின்பக்க லேபிளில் பெரும்பாலும் ஓம் எண் இருக்கும்.

லேபிள் அழிந்திருந்தால் உள்ளேதான் பார்க்க வேண்டும். இரண்டிலும் ட்வீட்டர் (உச்ச ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) கெஃப் நிறுவனத்தின் டி27தான், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வூஃபர் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய ஸ்பீக்கர்) காந்தத்தில் எஸ்பி1003 என்றிருந்தால் 15 ஓம், எஸ்பி1228 என்றால் 11 ஓம். ஒலியை இரண்டுக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் பலகையும் வேறு: பழையது எஃப்எல்6/23, புதியது எஃப்எல்6/38. பழையதில் ட்வீட்டர் அளவைச் சரிசெய்ய ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் என்ற கம்பிச்சுருள் இருக்கும்.

வூஃபர் ஒன்று, பலகை இன்னொன்று என்று கலந்திருந்தால் வாங்காதீர்கள். பின்பக்க வரிசை எண்கள் ஜோடி சேருகிறதா என்றும் பாருங்கள்.

ஒலி? பேச்சும் பாட்டும் இரண்டிலும் அருமை. பழைய தமிழ்ப் பாட்டுக்கு நான் 15 ஓமையே எடுப்பேன். குரல் இன்னும் இதமாக வரும். ஆனால் அதற்கு விலை அதிகம், பல வெள்ளி கூடக் கொடுக்க வேண்டியிருக்கும். நல்ல நிலையில் 11 ஓம் கிடைத்தால், அடிபட்ட 15 ஓமை விட அதுவே மேல்.