அப்ளை, ரெஃபரல், கன்சல்டன்சி: எதை முதலில் செய்வது?

வேலை தேடும் பலர் எல்லா வழிகளையும் ஒரே நாளில் முயன்றுவிடுகிறார்கள். காலையில் நிறுவனத்தின் தளத்தில் அப்ளை, மதியம் அங்கே வேலை பார்க்கும் பழைய சகாவிடம் ரெஃபரல் (உள்ளே இருப்பவரே நம் பெயரைப் பரிந்துரைப்பது) கேட்டு மெசேஜ், மாலையில் நிறுவனங்களுக்கு ஆள் பிடித்துத் தரும் கன்சல்டன்சிக்கு ரெஸ்யூமே. முயற்சியில் குறையில்லை, வரிசையில்தான் பிழை. ஒரு வழியில் பெயர் பதிவாகிவிட்டால் இன்னொரு வழி அடைபடலாம். அதனால் எந்த வழி நல்லது என்பதோடு எது எதற்கு முன்னால் என்பதையும் பார்த்தாக வேண்டும்.

ஆன்லைன் அப்ளையும் ரெஃபரலும்

லிங்க்ட்இன்னின் ஈஸி அப்ளை போன்ற வசதிகளில் இரண்டு நிமிடத்தில் விண்ணப்பித்துவிடலாம். எல்லோருக்கும் அதே இரண்டு நிமிடம்தான் என்பதால் கூட்டம் அங்கேதான் அதிகம். நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் படிவம் நீளம், ஆனால் போட்டி சற்றுக் குறையும். இரண்டிலும் விளம்பரம் வந்த ஓரிரு நாளுக்குள் விண்ணப்பிப்பது முக்கியம். போதுமான பேர் கிடைத்ததும் ரெக்ரூட்டர் (ஆள் தேடித் தேர்ந்தெடுப்பவர்) மேற்கொண்டு படிப்பதை நிறுத்திவிடுவார்.

விண்ணப்பங்களை நிறுவனங்கள் ஒரு மென்பொருள் வழியாகத்தான் வாங்குகின்றன. 'மென்பொருளே ரெஸ்யூமேயைத் தள்ளிவிடுகிறது' என்ற புகாரை அடிக்கடி கேட்கலாம். பெரும்பாலும் தானாக நிராகரிப்பது ரெஸ்யூமேயை வைத்து அல்ல, படிவத்தில் வரும் ஆம்/இல்லை கேள்விகளை வைத்து: வேலை செய்ய அனுமதி உண்டா, குறைந்தபட்ச அனுபவம் உண்டா என்பவை. அவசரமாக ஒன்றில் தவறாக 'இல்லை' என்று குறித்தால் மனிதக் கண்ணில் படாமலே போகலாம். ரெஸ்யூமேயின் வடிவமும் கெடுக்கும். இரண்டு நெடுவரிசை அமைப்பு, மேல் விளிம்பில் போன் எண், படமாக வைத்த திறன் பட்டியல் ஆகியவற்றை மென்பொருள் குழப்பிப் படிக்கும். சோதிப்பது எளிது. பிடிஎஃப்பில் உள்ள எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிகள் தாறுமாறாக வந்தால் மென்பொருளுக்கும் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். ஒன்றுமே ஒட்டாவிட்டால் அது ஸ்கேன் செய்த படம், உடனே மாற்றுங்கள்.

ரெஃபரல் மெதுவானது, ஆனால் ஒன்றுக்கு ஒன்று வைத்துப் பார்த்தால் இதற்குத்தான் எங்கள் ஓட்டு. பல நிறுவனங்களில் ரெஃபரலாக வந்த பெயர்கள் தனிப் பட்டியலில் முதலில் படிக்கப்படும். சிக்கல் என்னவென்றால், நீங்கள் முன்பே அப்ளை செய்திருந்தால் பல இடங்களில் அந்தப் பெயருக்கு ரெஃபரலை இணைக்க முடியாது. சில மாதங்கள் கழித்துத்தான் அந்தத் தடை விலகும். அதனால் ரெஃபரல் கேட்பது முதலில், அப்ளை பிறகு.

யாரிடம் கேட்பது? நெருங்கிய நண்பர்களிடம் மட்டும் கேட்டு நிறுத்துவது பெரிய இழப்பு. அவர்களுக்குத் தெரிந்த வாய்ப்புகள் பெரும்பாலும் நமக்கும் தெரிந்தவையே. எப்போதாவது பேசும் அறிமுகங்கள் வழியாகத்தான் புதிய தகவல் வருகிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே எழுதினார். லிங்க்ட்இன்னில் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடந்த சோதனைகளின் முடிவு 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. மிக நெருக்கமும் இல்லாமல் முற்றிலும் அந்நியமும் இல்லாமல் இடைப்பட்ட அறிமுகங்களே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவின என்றது அது. மூன்றாண்டுக்கு முன் ஒரே புராஜெக்ட்டில் வேறு டீமில் இருந்தவரைத் தயங்காமல் கேளுங்கள்.

'அங்கே ஏதாவது ஓபனிங் இருக்கா?' என்று கேட்டால் தேடும் வேலை முழுவதும் அவர் தலையில் விழும், பதில் வராது. வேலையின் ஐடி (விளம்பரத்தில் இருக்கும் அடையாள எண்), லிங்க், ரெஸ்யூமேயின் பிடிஎஃப், அவர் அப்படியே ஒட்டக்கூடிய மூன்று வரி அறிமுகம் ஆகிய நான்கையும் ஒரே மெசேஜில் அனுப்புங்கள். சிஸ்டத்தில் ஏற்றுவதோடு நிறுத்தாமல் அந்த டீமின் மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்றும் கேளுங்கள். வெறும் பதிவைவிட அந்த ஒரு வார்த்தைக்குத்தான் எடை.

நேரடி மெசேஜ்

அந்த டீமின் மேனேஜருக்கே மெசேஜ் அனுப்புவது இந்த வழி. சிறிய நிறுவனங்களில் இது ரெஃபரலுக்கு அடுத்த இடம் பிடிக்கும், ஏனென்றால் ஆள் எடுப்பவரே மெசேஜையும் படிக்கிறார். பெரிய நிறுவனங்களில் பலன் குறைவு. லிங்க்ட்இன் அழைப்போடு எழுதும் குறிப்புக்கு அதிகபட்சம் 300 எழுத்துகள்தான், இலவசக் கணக்கில் அதைவிடக் குறைவு. எந்த வேலை, உங்களிடம் இருக்கும் பொருத்தமான ஒரு சாதனை, ஒரு கேள்வி. அதற்கு மேல் வேண்டாம். ஒரு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம், அதோடு விட்டுவிடுங்கள்.

கன்சல்டன்சியும் ரெக்ரூட்டர் தேடலும்

கன்சல்டன்சிக்குப் பணம் தருவது நிறுவனம். விளம்பரத்தில் சொன்னதற்கு அப்படியே பொருந்துகிறவரைத்தான் அவர்கள் முன்னே தள்ளுவார்கள். அனுபவசாலிக்கும் ஒப்பந்த வேலைக்கும் நல்ல வழி. புதியவருக்கும் துறை மாறுகிறவருக்கும் அவ்வளவாக உதவாது. உங்களிடம் பணம் கேட்டால் விலகிவிடுங்கள். வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதையே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-ஆம் உடன்படிக்கை பொது விதியாக வைத்திருக்கிறது. இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரே ரெஸ்யூமேயை இரண்டு கன்சல்டன்சிகள் ஒரே நிறுவனத்துக்கு அனுப்பினால், யாருக்குக் கமிஷன் என்ற தகராறைத் தவிர்க்க அந்த நிறுவனம் உங்களையே விட்டுவிடலாம். 'நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, என் சம்மதம் வாங்கிய பிறகே அனுப்பவும்' என்று மெயிலில் எழுதி, அவர்கள் ஒப்புதலையும் மெயிலிலேயே வாங்குங்கள்.

ரெக்ரூட்டரே தேடி வருவது இதற்கு நேர் எதிர்: அலைச்சல் இல்லை, பொறுமை வேண்டும். அவர் தேடுவது பதவிப் பெயர், திறன், ஊர், அனுபவ ஆண்டுகள். லிங்க்ட்இன் தலைப்பு வரிக்கு 220 எழுத்துகள் இருக்க, 'புதிய வாய்ப்பைத் தேடுகிறேன்' என்று போட்டு அதை வீணாக்காதீர்கள். அந்தச் சொற்களை எந்த ரெக்ரூட்டரும் தேடுவதில்லை. உங்கள் ஆபீசில் உங்களுக்குக் கொடுத்த விசித்திரமான பதவிப் பெயரும் உதவாது. விளம்பரங்களில் வழங்கும் பெயரை எழுதுங்கள். வேலை தேடுகிறேன் என்று காட்டும் 'ஓபன் டு வொர்க்' வசதியை ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கலாம். உங்கள் நிறுவனத்து ரெக்ரூட்டர்களிடமிருந்து மறைக்க லிங்க்ட்இன் முயலும், முழு உத்தரவாதம் தராது.

ஒரு நிறுவனத்துக்கான வரிசை

விளம்பரம் கண்ணில் பட்ட அன்றே அறிமுகம் யாரேனும் இருக்கிறாரா என்று பார்த்து ரெஃபரல் கேளுங்கள். இரண்டு நாள் காத்திருங்கள். பதில் இல்லையென்றால் நிறுவனத்தின் தளத்தில் அப்ளை செய்து, வேலை ஐடியுடன் மேனேஜருக்கு மெசேஜ் அனுப்புங்கள். கன்சல்டன்சி, நீங்களாக எட்ட முடியாத நிறுவனங்களுக்கு மட்டும். நிறுவனம், வேலை ஐடி, எந்த வழி, தேதி என நான்கு நெடுவரிசைகளுடன் ஒரு ஷீட் வைத்திருங்கள். கன்சல்டன்சியிலிருந்து போன் வந்து நிறுவனத்தின் பெயரைச் சொன்னால், 'சரி' என்பதற்கு முன் அந்த ஷீட்டைத் திறந்து பாருங்கள்.