20 சிட்டிங் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள்: பாத ரிஃப்ளெக்ஸாலஜிக்குப் போகும் முன் ஒரு எச்சரிக்கை

கட்டியது 20 சிட்டிங்குக்கு. நடந்தது 3. மீதி 17 சிட்டிங் பணம் திரும்பி வராது என்று இன்று காலை கடைசியாகச் சொல்லிவிட்டார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இன்று மாலையே வேறு யாருடைய அம்மாவாவது இப்படி ஒரு நிலையத்தில் பணத்தோடு உட்கார்ந்திருக்கலாம். கட்டும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் தருகிறேன்.

பெயர் போடவில்லை. உடல்நலச் சேவைகளை முன்பதிவு செய்து தரும் ஒரு செயலி, அதில் வரும் ஒரு பாத ரிஃப்ளெக்ஸாலஜி நிலையம், அவ்வளவுதான். பாதத்தின் ஒவ்வோர் இடமும் ஓர் உடலுறுப்பைக் குறிக்கிறது என்று சொல்லி, அங்கே அழுத்திவிடும் முறை அது. பணம் கட்டியது என் அம்மா. நீண்டநாள் சர்க்கரை, கால்விரல்கள் மரத்துப் போகின்றன. சர்க்கரைக் கால் பராமரிப்புதான் என் வேலை. நான் கூட இல்லாத ஒரு மதியத்தில் இது நடந்துவிட்டது.

அன்று 'இலவசப் பரிசோதனை'. காலை மடியில் வைத்து, துண்டால் துடைத்து, கட்டைவிரலால் இதமாக நீவி விட்டிருக்கிறார்கள். நோகும் காலை ஒருவர் கையில் ஏந்திப் பிடித்தாலே பாதி நம்பிக்கை வந்துவிடும். அதன் பிறகுதான் மரக்குச்சி வந்தது. விரல்களுக்கு அடியில் உள்ள முன்பாதத் திண்டு, அதற்குக் கீழே உள்ள குழியில் ஓர் அழுத்து. அம்மா 'ஆ' என்றிருக்கிறார்.

"இது கிட்னி பாயிண்ட் அம்மா. வீக்கா இருக்கு. நல்லவேளை இப்பவே வந்தீங்க."

அடுத்து பெருவிரல் நுனி. "இங்க தெரியுதா அம்மா?"

"ஒண்ணும் தெரியலையேப்பா."

"தலைக்குப் போற ஓட்டம் அடைச்சிருக்கு. 20 சிட்டிங்ல திறந்துடலாம்."

அந்த இடத்தில் அம்மா கைப்பையைத் திறந்துவிட்டார்.

உண்மையில் நடந்தது என்னவென்றால், சர்க்கரையால் வரும் நரம்புச் சேதம் பெரும்பாலும் விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறும். அதனால் நுனி மரத்திருக்கும், நடுப்பாதத்தில் உணர்ச்சி மிச்சமிருக்கும். அந்தக் குழியில் தோலுக்கடியில் உள்ளங்கால் திசுப்பட்டை இருக்கிறது. அதற்கும் கீழே சிறு தசைகள், நரம்புக் கிளைகள். குச்சி முனை அளவு இடத்தில் முழு பலத்தையும் இறக்கினால் யாருக்குத்தான் வலிக்காது? வலித்தால் கிட்னி, வலிக்காவிட்டால் அடைப்பு என்றால் அந்தச் சோதனையில் 'ஆரோக்கியமாக இருக்கிறீர்கள்' என்ற முடிவே வராது. மரத்த விரல் சொன்ன ஒரே உண்மையான சேதி, 'இந்தக் காலில் குச்சி வைக்காதே' என்பதுதான். அதையே அடைப்பு என்று சொல்லி 20 சிட்டிங் விற்றார்கள்.

பாதத்தில் உறுப்புகளைக் குறித்துச் சுவரில் தொங்கும் வண்ணப்படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் உடலை நெடுக்காக 10 மண்டலங்களாகப் பிரித்தார். 1917ல் அது புத்தகமாக வந்தது. 1930களில் யூனிஸ் இங்ஹாம் அதைப் பாதத்துக்குக் கொண்டுவந்தார். அந்தப் படத்தின்படி பெருவிரல் தலை, திண்டு நெஞ்சு, உள்வளைவு வயிறு, குதிகால் இடுப்பு, உள்விளிம்பு முதுகெலும்பு. இன்றைய படங்கள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துவதும் இல்லை. சிறுநீரகத்தையும் உள்ளங்கால் குழியையும் இணைக்கும் தனிப்பாதை எதுவும் உடற்கூறியலில் கிடையாது. சிறுநீரகத்தின் நிலையை அறிய ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவையும் சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தையும் பார்க்க வேண்டும். மாற்று மருத்துவ முறைகளை ஆராய்ந்த எட்ஸார்ட் எர்ன்ஸ்ட் 2009லும், பிறகு சக ஆய்வாளர்களுடன் 2011லும், அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். எந்த நோய்க்கும் இது சிகிச்சையாகப் பலன் தருகிறது என்று ஏற்கும்படியான சான்று இல்லை என்பதே இரண்டு முறையும் வந்த முடிவு.

பாதம் பிடித்துவிடுவதே வீண் என்று நான் சொல்லவில்லை. உணர்ச்சி சரியாக உள்ள காலில், பழகிய கை 30 முதல் 45 நிமிடம் கட்டைவிரலை மடக்கி மடக்கி நகர்த்தி, கணுக்காலைச் சுழற்றி, விரல்களைத் தளர்த்திவிட்டால் உடல் இளகும், பதற்றம் தணியும், சிலருக்கு அன்றிரவு நல்ல தூக்கம் வரும். அந்தச் சுகத்துக்குக் காசு கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அதற்கு ஒரு சிட்டிங் பணம் போதும், 20 எதற்கு?

இரண்டாவது சிட்டிங்கில் 'நச்சு நீக்கும்' தொட்டி. உப்புத் தண்ணீரில் கால், நடுவே மின்சாரம் ஓடும் உலோகச் சுருள். அரை மணி நேரத்தில் தண்ணீர் பழுப்பாகிவிட்டதாம். "பாருங்கம்மா, எவ்வளவு கழிவு!" அது சுருளில் உள்ள இரும்பின் துரு. உப்பு நீரில் மின்சாரம் பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாக மிதக்கும். காலை வைக்காமல் அதே நேரம் ஓடவிட்டாலும் நிறம் மாறும். அந்தத் தண்ணீர் என்ன சூட்டில் இருந்தது என்று யாரும் அளக்கவில்லை. மரத்த காலுக்குச் சூடு தெரியாது, வெந்த பிறகுதான் தெரியும்.

மூன்றாவதில் குச்சியைப் பெருவிரலிலும் அதன் அடித்திண்டிலும் அழுத்தியிருக்கிறார்கள். இந்த முறையின் பாதுகாப்பு முழுக்க "வலிச்சா சொல்லுங்க" என்ற ஒரே வாக்கியத்தில் நிற்கிறது. வலியே தெரியாதவர் எதைச் சொல்வார்? அவர் சொல்லாததால் பலம் கூடிக்கொண்டே போயிருக்கிறது. அன்றிரவு பார்த்தேன்: அடித்திண்டில் இருந்த காய்ப்புக்குக் கீழே கருஞ்சிவப்பாக ரத்தம் கசிந்திருந்தது. சர்க்கரைக் காலில் அது புண்ணுக்கு முந்தைய படி. காய்ப்பைப் பக்குவமாகச் சீவி, அந்த இடத்தில் பாரம் விழாமல் காலணியை மாற்றி, தினமும் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மோனோஃபிலமெண்ட் என்று ஒரு நைலான் இழை இருக்கிறது. பெருவிரலிலும், 1, 3, 5ஆம் விரல்களின் அடித்திண்டிலும் அது வளையும் வரை ஒரு நொடி தொட்டால் போதும். தொட்டது தெரியவில்லை என்றால் குச்சியும் வெந்நீரும் அந்தக் காலுக்கு ஆகாது. இரண்டு நிமிட வேலை. 20 சிட்டிங் பணம் வாங்கியவர்கள் சர்க்கரை இருக்கிறதா என்றுகூட எழுத்தில் கேட்கவில்லை.

காலைப் படமெடுத்துக் காட்டி நிலையத்தில் கேட்டேன். "வலி, நிறமாற்றம் எல்லாம் கழிவு வெளியேறுற அறிகுறி மேடம். நிறுத்தினாத்தான் ஆபத்து." கன்றிப்போவது என்றால் நுண்குழாய் உடைந்து ரத்தம் தோலுக்கடியில் தங்குவது. கழிவு அல்ல, காயம். மறுநாள்: "சார் வெளியூர்ல இருக்கார்." அதற்கடுத்த நாள்: "பேக்கேஜுக்கு ரீஃபண்ட் கிடையாது, வேணும்னா வீட்ல வேற யாருக்காவது மாத்தித் தரோம்." காயம் ஆறும்வரை நிறுத்திவைக்கவாவது கேட்டேன், காலக்கெடு ஓடும் என்றார்கள். செயலியின் உதவி எண்ணில் "அது நிலையத்தோட பொறுப்பு" என்றார்கள். நிலையத்தில் "பணம் செயலி வழியா வந்தது, அங்கதான் கேக்கணும்". நடுவில் 17 சிட்டிங் பணம் யாரிடம் இருக்கிறது என்று இருவருமே சொல்லவில்லை. ரசீதில் 'சேவைக் கட்டணம்' என்று ஒரே வரி. சிட்டிங் எண்ணிக்கை இல்லை, செய்தவர் பெயர் இல்லை.

விரிவாக எழுத நினைத்தேன், அம்மாவுக்குக் கட்டு மாற்றும் நேரமாகிவிட்டது. அவசரமாகச் சில:

ஒவ்வொரு சிட்டிங்குக்கும் அன்றன்று கொடுங்கள். ரீஃபண்ட் விதியை எழுத்தில் வாங்காமல் முன்பணம் வேண்டாம்.

காலைத் தொட்டு நோய் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சர்க்கரை, மரத்த கால், புண், எலும்பு முறிவு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை: இதில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலித்தால் யாரையும் பிடித்துவிட விடாதீர்கள். உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். அம்மாவிடம் "மெதுவா குறைச்சுக்கலாம்" என்று அதையும் சொல்லியிருக்கிறார்கள்.