101 பஸ்ஸுக்கெண்டே வாங்கின ஹெட்போன், ஆறு மாசம் பாவிச்ச கதை

கொழும்பில வெள்ளவத்தையில இருந்து கோட்டைக்கு நாளாந்தம் 101 பஸ்ஸில போய் வாற ஆள் நான். காலமை ஏழரைக்கே பேஸ் அதிர அதிர பாட்டு, அதுக்கு மேல கொண்டக்டர் "கொட்டுவ கொட்டுவ" (சிங்களத்தில கோட்டை) எண்டு கத்துவார், அதுக்கும் மேல ஹோர்ன். இதுக்குள்ள என்ட பாட்டு கேக்கோணும் எண்டு போனோட வந்த வயர் ஹெட்செட்டில வொலியூமை முழுசாத் தள்ளி ரெண்டு வருசம் ஓட்டினன். கடைசியில இரவு ஃபேனை நிப்பாட்டினாலும் இடது காதில கீ எண்டு ஒரே சத்தம்.

காது டொக்டரிட்ட போனா ஒரு சின்ன அறைக்குள்ள இருத்தி, பீப் கேட்டா பட்டனை அமத்தச் சொன்னாங்கள், நான் கேக்காத பீப்புக்கும் பயத்தில அமத்தினன். நல்லகாலம், பெரிய பாதிப்பு இல்லையாம். உள்காதில சத்தத்தைப் பிடிக்கிற மயிர்க்கலங்கள் செத்தா திரும்ப முளைக்காது எண்டு அவர் சொன்னதுதான் வயித்தைக் கலக்கிச்சு. உலக சுகாதார நிறுவனத்தின்ட கணக்குப்படி 80 டெசிபெல் எண்டா கிழமைக்கு 40 மணித்தியாலம் கேக்கலாம், 90 எண்டா வெறும் 4 தான், எனக்கு அது பஸ்ஸிலயே முடிஞ்சிரும்.

அதுதான் பம்பலப்பிட்டியில ஒரு கடையில 18,500க்கு நொய்ஸ் கான்சலிங் ஹெட்போன் வாங்கினனான். பிராண்ட் பேர் வேணாம், கீழ கொஞ்சம் திட்டப் போறன்.

நொய்ஸ் கான்சலிங் எண்டா, வெளியில இருக்கிற சத்தத்தை ஹெட்போனில இருக்கிற குட்டி மைக் பிடிச்சு, அதுக்கு நேர் எதிரான அலையை உள்ளுக்கு விடும், ரெண்டும் மோதி இல்லாமப் போகும். கடைக்கார அண்ணா "ஒண்டுமே கேக்காது தம்பி" எண்டவர், அது சும்மா கதை. எஞ்சின் உறுமல், ஏசி இரைச்சல் மாதிரி விடாமக் கேக்கிற தாழ்ந்த சுருதிச் சத்தம்தான் நல்லா அமுங்கும், ஹோர்ன், ஆக்கள் கதைக்கிறது எல்லாம் மெல்லிசா வந்துகொண்டுதான் இருக்கும். ஆடிவேல் (முருகன்ட வேல் விழா) நேரம் காலி வீதியில தவில் அடிச்சாங்கள், ஹெட்போன் போட்டிருந்தும் நெஞ்சுக்குள்ள விழுந்திச்சு (அதை அமுக்கவும் கூடாது, அது வேற கதை).

ஆனா அந்த உறுமல் போனதே எனக்குக் காணும். முந்தி அதை முந்தத்தான் வொலியூமை ஏத்தினது, இப்ப பாதிக்குக் கீழ வச்சாலே வயலின் இழையிறது விளங்குது. போன் காட்டிற அளவு 90க்கு மேல இருந்தது இப்ப 70 சொச்சம். ஒபிசுக்குப் போகேக்க முந்தி வாற தலையிடியும் எரிச்சலும் குறைஞ்சிட்டு. கீ சத்தம் முழுசாப் போகேல்லை, ஆனா இரவில பெருசாக் கவனிக்கிறதில்லை.

இனித் திட்டு. கொழும்பு வெக்கைக்கு காது ரெண்டும் அவியும், நாலாம் மாசமே குஷன் தோல் உரிஞ்சு கன்னத்தில கறுப்புத் துண்டு துண்டா ஒட்டினது, கொண்டு போனா குஷனுக்கு வொரண்டி இல்லையாம், பில்லுக்குப் பின்னால பொடி எழுத்தில போட்டிருக்கு. ஜன்னல் கரையில இருந்தா மைக்கில காத்தடிச்சு புஸ் புஸ் எண்டும், கடற்கரை ட்ரெயினில சொல்லவே வேணாம். ஒருநாள் கோட்டையைத் தாண்டினதே தெரியாம புறக்கோட்டை வரைக்கும் போயிட்டன்.

10க்கு 7. அவ்வளவு காசு இல்லாட்டி ஃபோம் இயர்பிளக் வாங்குங்கோ, அதுவும் வேலை செய்யும். பஸ்ஸில கடைசி சீட்டுக்கு மேல இருக்கிற ஸ்பீக்கருக்கு நேர் கீழ மட்டும் இருக்காதேங்கோ, அதுக்கு எந்த ஹெட்போனும் சரிவராது.