‘தினசரி உப்பு அளவு’ டெஸ்ட்டுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

வீட்டில் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஹெல்த் செக்கப் பேக்கேஜில் ‘தினசரி உப்பு அளவு’ என்று ஒரு டெஸ்ட்டைச் சேர்த்து விற்கிறார்கள். ஒரே ஒரு தடவை பிடித்துக் கொடுக்கிற சிறுநீரை வைத்து, ஒரு நாளைக்கு எத்தனை கிராம் உப்பு சாப்பிடுகிறோம் என்று சொல்லிவிடுவார்களாம். அப்படி வந்த ரிப்போர்ட்டை நம்பியதால் எங்கள் அப்பாவின் பி.பி. மாதக்கணக்கில் இறங்கவே இல்லை.

அப்பாவுக்கு வயது 67. குடியிருப்புக்கே வந்து கேம்ப் போட்டிருந்த தனியார் லேப் அது. காலையில் எழுந்ததும் பிடித்த முதல் சிறுநீரைச் சின்ன டப்பாவில் கொடுத்தார். ரிப்போர்ட்டில் 6.84 கிராம், பக்கத்தில் பச்சை டிக், கீழே ‘இந்தியச் சராசரியைவிடக் குறைவு’ என்று ஒரு வரி. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற வரம்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். நம் நாட்டுச் சராசரி 8 கிராம் என்று தேசிய அளவிலான கணக்கெடுப்பு சொல்கிறது. அந்தச் சராசரியே ஆபத்தானதாக இருக்கும்போது, அதைவிடக் குறைவு என்று பி.பி. நோயாளிக்குப் பச்சை டிக் போடுவது எந்த ஊர் நியாயம்?

அதற்கப்புறம் வீட்டில் யார் என்ன சொன்னாலும், “ரிப்போர்ட்டே கம்மின்னு சொல்லுதுப்பா” என்பார். மோர் மிளகாயும் கருவாடும் தட்டுக்குத் திரும்பி வந்தன. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரும் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, உப்பில் பிரச்சினை இல்லை என்று மாத்திரையைக் கூட்டினார்.

சிறுநீரக டாக்டர் ஒருவரிடம் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. நாம் சாப்பிடும் உப்பில் உள்ள சோடியத்தில் பெரும்பகுதி, ஏறக்குறைய 90 சதவீதம், சிறுநீரில்தான் வெளியேறுகிறது. ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் ஒரே அளவில் போகாது. இரவில் குறைவாகப் போகும், பகலில் கூடும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டால் அதற்கு ஏற்பவும் மாறும். அதனால் 24 மணி நேரச் சிறுநீரை முழுதாகச் சேர்த்துப் பார்ப்பதுதான் சரியான முறை என்றார்.

ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் ‘தனாகா’ என்று இருந்ததைக் காட்டினார். 2002-இல் ஜப்பானியர்களின் தரவை வைத்து உருவாக்கிய சூத்திரம் அது. சிறுநீரில் சோடியத்துக்கும் கிரியேட்டினினுக்கும் (தசையிலிருந்து வந்து சிறுநீரில் வெளியேறும் கழிவுப்பொருள்) உள்ள விகிதத்தை எடுத்து, எடை, உயரம், வயதைக் கொண்டு ஒரு நாள் கணக்கை ஊகிக்கிறது. அந்த விகிதம் இரண்டு மடங்கானாலும் விடை 31 சதவீதம்தான் கூடும். சூத்திரத்தின் அமைப்பு அப்படி. நிறைய உப்பு சாப்பிடுபவருக்குக் குறைத்தும், குறைவாகச் சாப்பிடுபவருக்குக் கூட்டியும் காட்டும். எல்லோரையும் நடுவுக்கு இழுத்துவிடும். ஆயிரக்கணக்கானவர்களின் சராசரியை மதிப்பிட இதுபோன்ற சூத்திரங்களை ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். அதிலேயே அவர்களுக்குள் பெரிய சண்டை உண்டு. தனி மனிதர் ஒருவருக்கு, அதுவும் இரண்டு தசம இலக்கத்தோடு, அச்சடித்துக் கொடுக்கிற எண் இல்லை இது.

இன்னொன்றையும் அந்தச் சிறுநீரக டாக்டர்தான் கண்டுபிடித்தார். ரிப்போர்ட்டில் உயரம் 160, எடை 60 என்று இருந்தது. அப்பா 170 செ.மீ., 82 கிலோ. கேம்ப்பில் யாரும் எடை பார்க்கவே இல்லை. லேப்புக்குப் போய்க் கேட்டேன். “அது சாஃப்ட்வேர் தானா எடுத்துக்கும் சார், எல்லாருக்கும் அப்படித்தான்” என்றார் கவுன்டரில் இருந்த பெண். எல்லோருக்கும்! அன்றைக்குக் கேம்ப்பில் வரிசையில் நின்ற பாட்டிக்கும் 60 கிலோ, ஜிம்முக்குப் போகிற பையனுக்கும் 60 கிலோ. சரியான எடையையும் உயரத்தையும் போட்டாலே அப்பாவின் கணக்கு எட்டு கிராமை ஒட்டி வருகிறது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ‘ஸ்கிரீனிங் மட்டும்’ என்று பின்பக்கத்தில் போட்டிருக்கிறோமே என்று மேனேஜர் கை விரித்துவிட்டார்.

அப்புறம் வேறு இடத்தில் 24 மணி நேர டெஸ்ட் எடுத்தோம். செலவு அந்தப் பேக்கேஜைவிடக் குறைவுதான். காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீரை விட்டுவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து மறுநாள் காலை அதே நேரத்தில் போவது வரை ஒரு துளி விடாமல் கேனில் சேர்க்க வேண்டும். ஒரு தடவை தவறினாலும் லேப்பில் சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பிப்பது நல்லது. மொத்த அளவு 1.9 லிட்டர், லிட்டருக்கு 112 மில்லிமோல் (லேப்பில் சோடியத்தை அளக்கும் அலகு) சோடியம், ஆக மொத்தம் 213 மில்லிமோல். சுமாராக 17 மில்லிமோல் ஒரு கிராம் உப்பு. வகுத்தால் பன்னிரண்டரை கிராம்! ஒருநாள் சாப்பாடு மாதிரி மறுநாள் இருக்காது என்பதால் இன்னொரு நாளும் எடுக்கச் சொன்னார் டாக்டர். அதிலும் 12-க்குக் கீழே இறங்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ரிப்போர்ட் இருந்தால், எடை, உயரம் என்ன போட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். 24 மணி நேரச் சேகரிப்பா, ஒரு தடவை எடுத்ததா என்று லேப்பில் கேளுங்கள். டாக்டரிடம் காட்டும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

அந்த லேப் இந்த டெஸ்ட்டை இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறேன். எங்கள் குடியிருப்பில் அன்றைக்கு டெஸ்ட் கொடுத்தவர்கள் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாமல் வைத்திருங்கள்; எல்லாவற்றிலும் 60 கிலோ இருந்தால் அதைவிடப் பெரிய ஆதாரம் தேவையில்லை.