சொகுசுப் பதிப்பு என்று கூடுதல் பணம் கட்டுவதற்கு முன் கண்ணாடியின் விளிம்பைப் பாருங்கள்

சாதாரண கார் விற்கும் கம்பெனிகள் பலவும் இப்போது தங்கள் மாடலுக்கு மேலே ஒரு 'சொகுசுப் பதிப்பு' வைத்திருக்கின்றன. கிரில் வேறு, பெயர் வேறு, டேஷ்போர்டில் தையல், பின்னால் தனி பேட்ஜ். அப்படி ஒன்றை என் தலையில் கட்டிய கதை இது. தகராறு இன்னும் முடியவில்லை, அதனால் கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை, இந்த வித்தை ஒருவருக்கு மட்டும் சொந்தமானது அல்ல.

டெஸ்ட் டிரைவ் கேட்டபோது சொகுசுப் பதிப்பு கைவசம் இல்லை என்றார்கள். அதற்குக் கீழே உள்ள வேரியன்ட்டைக் கொண்டுவந்து நிறுத்தி, "ஓட்டிப் பாருங்க சார், ஒரே வண்டிதான், உள்ளே அலங்காரம் மட்டும்தான் வேற" என்றார் விற்பனைப் பிரதிநிதி. ஓட்டினேன், நன்றாகத்தான் இருந்தது. உள்ளே வந்து உட்கார்ந்து, அப்படியானால் விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டதும் அதே வாய், "அதையும் இதையும் ஒப்பிடவே கூடாது சார், இது வேற வண்டி" என்றது. முதலில் சொன்னது பாதி உண்மை, பிறகு சொன்னது முழுப் பொய்.

பாதி உண்மை என்பதற்குக் காரணம் சக்கரம். நான் ஓட்டிப் பார்த்ததில் இருந்தது 17 அங்குல அலாய், அதாவது டயர் ஏறும் உலோக வளையம். என் வண்டிக்கு வந்தது 19 அங்குலம். சக்கரத்தின் மொத்த விட்டத்தை அதிகம் மாற்ற முடியாது. அலாய் பெரிதானால் டயரின் பக்கச் சுவர்தான் குறுகும். பள்ளத்தில் இறங்கும்போது அடியை முதலில் வாங்கிக்கொள்வது அந்தப் பக்கச் சுவர். அது மெலிந்துவிட்டால் மிச்ச அடி சஸ்பென்ஷனுக்கும், அதையும் தாண்டி நம் இடுப்புக்கும் வரும். சஸ்பென்ஷனை அதற்கேற்ப மாற்றியிருந்தால் குறை சொல்ல மாட்டேன். ஸ்பிரிங், டாம்பர் எல்லாம் கீழ் வேரியன்ட்டில் உள்ளவையே. ஆக, கூடுதல் பணம் கட்டி கூடுதல் குலுங்கல் வாங்கியிருக்கிறேன். போட்டோவில் மட்டும் வண்டி கம்பீரமாக நிற்கிறது.

அடுத்தது கண்ணாடி. நான் இந்தப் பதிப்பைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணமே அதுதான். 'ஒலி தடுக்கும் லேமினேட்டட் கண்ணாடி' என்று ப்ரோஷரில் கொட்டை எழுத்தில் இருந்தது. பிரதிநிதி அதைச் சொல்லும்போது கையை வண்டியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். நெடுஞ்சாலையில் ஏறினால் காற்றின் இரைச்சல் கதவுப் பக்கமாக வந்துகொண்டே இருந்தது. சர்வீஸில் சொன்னேன்; கதவு ரப்பரைச் சரிசெய்ததாகச் சொல்லி அனுப்பினார்கள். இரைச்சல் போகவில்லை.

இதை நீங்களே சோதிக்கலாம், கருவி எதுவும் வேண்டாம். கதவுக் கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு அதன் மேல் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். லேமினேட்டட் கண்ணாடி என்றால் இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் இருக்கும், விளிம்பில் அது ஒரு மெல்லிய கோடாக ஓடும். ஒற்றைக் கண்ணாடி என்றால் கோடு கிடையாது, விளிம்பு முழுக்க ஒரே பச்சை. என் வண்டியின் நான்கு கதவுகளிலும் ஒரே பச்சை. லேமினேட்டட் கண்ணாடி இருந்தது முன்பக்கத்தில் மட்டும். முன் கண்ணாடி எல்லாக் கார்களிலும் லேமினேட்டட்தான், மோதினால் சிதறக்கூடாது என்பதற்காக. சரி, அதிலாவது ஒலி தடுக்கும் படலம் எனக்கென்று தனியாகப் போட்டிருக்கிறார்களா என்று ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் விசாரித்தேன். அங்கிருந்த பையன் கள்ளம் தெரியாதவன். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான். கீழ் வேரியன்ட்டுக்கும் என் வண்டிக்கும் ஒரே பார்ட் நம்பர்.

அன்றிலிருந்து பார்ட் நம்பர் கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. எஞ்சின் மவுன்டிங், கதவு ரப்பர், கதவுக்குள் ஒட்டும் ஒலி தடுப்புப் பஞ்சு எல்லாம் ஒன்றே. மாறியவை கண்ணில் படுபவையும் கை படுபவையும் மட்டும். அதிலும் கை சற்றுக் கீழே இறங்கினால் கதை முடிந்தது, கதவின் கீழ்ப்பாதியில் அதே கடினமான பிளாஸ்டிக்.

'லெதர் இருக்கை' என்பதும் அப்படித்தான். முதுகும் தொடையும் படும் நடுப்பகுதி மட்டும் தோல். பக்கவாட்டு மேடு, ஹெட்ரெஸ்டின் பின்புறம், கதவின் கைப்பிடி மெத்தை எல்லாம் ரெக்சின். புதிதில் வித்தியாசம் தெரியாது, தையலும் நிறமும் அவ்வளவு பொருத்தம். ஏறி இறங்கும்போது உரசுகிற பக்கவாட்டு மேடுதான் முதலில் காட்டிக்கொடுத்தது. தோல் பழசானால் சுருங்கும். இது கோடு கோடாக வெடித்து, வெடிப்புக்குள் துணியின் நெசவு தெரிந்தது. ப்ரோஷரின் கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்வதுபோல் இருக்கும் எழுத்தில், 'சில பகுதிகள் செயற்கைப் பொருளால் ஆனவை' என்று போட்டிருக்கிறார்கள். அந்தச் சில பகுதிகள் எவை என்று அங்கேயும் இல்லை.

இந்த வியாபாரம் இன்று தொடங்கியதல்ல. ஃபோர்டு 1970ல் கீயா (Ghia) என்ற இத்தாலிய பாடி கட்டும் நிறுவனத்தை வாங்கியது. பிறகு அந்தப் பெயர் பல ஆண்டுகள் ஃபோர்டின் சாதாரணக் கார்களுடைய உயர் வேரியன்ட்டில் ஒட்டும் பேட்ஜாக ஓடியது. 1950களில் ஃபெராரிக்கும் மசராட்டிக்கும் பாடி கட்டிய வின்யாலே என்ற இன்னொரு பெயரும் ஃபோர்டின் கையில் இருந்தது. அதை 2015ல் ஐரோப்பாவில் மாண்டியோ என்ற காரின் மேல் ஒட்டினார்கள், பிறகு சின்ன ஃபியஸ்டாவுக்கும் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் சொகுசுப் பிரிவான காடிலாக் இதில் சூடு பட்டுக்கொண்டது வேறு கதை: 1982 மாடலாக வந்த சிமரான், அதே கம்பெனியின் சாதாரணக் காரான செவர்லே கவாலியருக்குத் தோல் இருக்கையும் பேட்ஜும் போட்டது என்பது பார்த்தவுடனே எல்லோருக்கும் தெரிந்தது. 1988 வரை இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஆஸ்டன் மார்ட்டின்கூட 2011ல் டொயோட்டா ஐக்யூவை எடுத்துத் தன் கிரில்லை வைத்து சிக்னெட் என்று விற்றது. எஞ்சின் அதே 1.33 லிட்டர். விலை மட்டும் இரண்டு மடங்குக்கும் மேல்.

கம்பெனிகள் ஏன் விடாமல் இதைச் செய்கின்றன என்பது கணக்குத் தெரிந்தவர்களுக்குப் புரியும். ஒரு காரில் பெருஞ்செலவு அடித்தளம், எஞ்சின், மோதல் சோதனை, தகடு அழுத்தும் அச்சு ஆகியவற்றில் போகிறது. அதெல்லாம் சாதாரண மாடலின் கணக்கில் ஏற்கெனவே கழிந்தாகிவிட்டது. அதன்மேல் தையலும் குரோம் பட்டையும் போடுவதற்கு ஆகும் செலவு சொற்பம், வாங்கும் விலையோ அதிகம். பொது அடித்தளம் என்பதே மோசடி என்று நான் சொல்லவில்லை. டொயோட்டாவின் சொகுசுப் பிரிவான லெக்சஸின் எல்பிஎக்ஸும் டொயோட்டா யாரிஸ் கிராஸும் ஒரே அடித்தளம்தான், ஆனால் மூன்று சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு குறைய லெக்சஸில் பேலன்ஸ் ஷாஃப்ட் சேர்த்திருக்கிறார்கள். மூடியைத் திறந்தாலும் கண்ணில் படாத இடம் அது. அப்படிப்பட்ட இடத்தில் செலவழித்திருந்தால் விலையைப் பற்றிப் பேச மாட்டேன்.

எனக்கு அதிகம் வலித்தது சர்வீஸ்தான். வாங்கும்போது, உங்களுக்கென்று தனியாக ஒரு பொறுப்பாளர், ஒரு போன் போட்டால் போதும், வீட்டுக்கே வந்து வண்டியை எடுத்துப்போய்க் கழுவிக் கொண்டுவந்து விடுவோம் என்று வாயில் பந்தல் போட்டார்கள். தொடக்கத்தில் வந்தார்கள், அதையும் சொல்லவேண்டும். அப்புறம் அந்த எண்ணை அழுத்தினால் பொது கால் சென்டர் எடுத்தது. எந்தப் பொறுப்பாளர் என்று அவர்கள் என்னையே கேட்டார்கள். நேரில் போனால், "அந்தத் திட்டத்தை நிறுத்திட்டாங்க சார்" என்று கையை விரித்துவிட்டார்கள். ஆர்டர் படிவத்தில் அந்த வசதியைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. ப்ரோஷரில் இருந்தது, அதன் அடியில் 'முன்னறிவிப்பின்றி மாற்றத்துக்கு உட்பட்டது' என்றும் இருந்தது.

லெக்சஸ் 1989ல் புதிதாக வந்தபோது, அதே ஆண்டின் இறுதியில் எல்எஸ் 400 கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது, சுமார் 8,000 வண்டிகள். வீட்டுக்கே போய் வண்டியை வாங்கி, சரிசெய்து, கழுவித் திருப்பிக் கொடுத்தார்கள். புதுக் கம்பெனிக்கு அது பெரிய அவமானமாக முடிந்திருக்க வேண்டியது, அதுவே அதன் பெயரை நிலைநாட்டிவிட்டது. இன்றைக்கு சொகுசு பேட்ஜ் ஒட்டுகிறவர்கள் எல்லோரும் அந்தப் பெயரைத்தான் கடன் வாங்கப் பார்க்கிறார்கள். வேலையைக் கடன் வாங்கியவர்களை நான் பார்க்கவில்லை.

பின் பம்பரில் ஒருநாள் இன்னொரு வண்டி உரசிவிட்டது. சின்ன அடி. சாதாரண வேரியன்ட்டின் பம்பர் ஸ்டாக்கில் இருந்தது. என் பதிப்புக்கு குரோம் பட்டை ஓடும் தனி வடிவம் என்பதால் அது வெளியிலிருந்து வரவேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். காத்திருந்து அலுத்துப்போய்க் கேட்டபோது சர்வீஸ் அட்வைசர் ஒரு யோசனை சொன்னார்: "சாதாரண பம்பரைப் போட்டுக்குங்க சார், அப்படியே பொருந்தும், ஒரே வண்டிதானே." விற்கும்போது வேறு வண்டி, பழுது பார்க்கும்போது ஒரே வண்டி. பழைய கார் எடுப்பவரிடம் விலை கேட்டபோதும் அது ஒரே வண்டியாகத்தான் இருந்தது.

நீங்கள் இப்படி ஒன்றை வாங்கும் யோசனையில் இருந்தால், அதே பதிப்பை அதே சக்கரத்தோடு ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வண்டி இல்லை என்றால் வரும்வரை காத்திருக்கலாம், அவசரம் அவர்களுக்குத்தான். பின் சஸ்பென்ஷன் எது என்று கேளுங்கள். ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபில் சக்தி குறைந்த எஞ்சினுக்கு இரு பின் சக்கரங்களையும் ஒரே தண்டால் இணைக்கும் டார்ஷன் பீம், சக்தி கூடியதற்கு ஒவ்வொரு சக்கரமும் தனியாக அசையும் மல்ட்டி லிங்க் என்று ஒரே பெயருக்குள் இரண்டு வகை இருந்தது. பேட்ஜைப் பார்த்து இதையெல்லாம் ஊகிக்க முடியாது. எந்தெந்தக் கண்ணாடி, எந்தெந்தப் பகுதி தோல், வீட்டுக்கு வந்து எடுப்பது எத்தனை வருடம் என்பதெல்லாம் ஆர்டர் படிவத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுத மறுத்தால் அந்த வசதி இல்லை என்றே கணக்கில் வையுங்கள்.

என் புகாருக்குக் கம்பெனி கடைசியாகப் பதில் போட்டிருக்கிறது. கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நல்லெண்ணத்தின் அடையாளமாக, கதவைத் திறந்தால் பதிப்பின் பெயர் ஒளிரும் வாசற்பட்டை ஒரு ஜோடி இலவசமாகப் பொருத்தித் தருகிறார்களாம். வேண்டாம் என்று எழுதிவிட்டு, இரண்டு வேரியன்ட்டுக்கும் பொதுவான அந்த ஒரே பார்ட் நம்பரைப் போட்டு நுகர்வோர் குறைதீர் அமைப்புக்கு மனு கொடுத்திருக்கிறேன்.