காலிச் சாலையில் தானாகப் பிடிக்கும் பிரேக்: ரேடாரா, கேமராவா, இரண்டுமா?

எதிரே வண்டி எதுவும் இல்லை. 100 கி.மீ. வேகத்தில் அடாப்டிவ் குரூஸ் கன்ட்ரோலில் (முன் வண்டிக்கு ஏற்பத் தானாக வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) ஓடும் கார் திடீரென்று பிரேக் பிடிக்கிறது. பின்னால் இருபது முப்பது மீட்டரில் ஒரு பேருந்து ஒட்டி வந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இந்த வசதியுள்ள கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, எந்த சென்சார் வைத்த வண்டி இப்படிக் குறைவாகச் செய்யும் என்பதுதான். ஆனால் இதற்குக் கூடவே இன்னொன்றையும் கேட்க வேண்டும்: வீணாகப் பிரேக் பிடிக்காத அந்த வண்டி, பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்கிறதா?

முதலில், பிரேக் போட்டது எது என்று பிரித்துப் பாருங்கள். ஒரே சென்சாரை நம்பி இரண்டு தனி நிரல்கள் வேலை செய்கின்றன. குரூஸ் கன்ட்ரோல் போடும் பிரேக்குக்கு உச்சவரம்பு உண்டு. ஐஎஸ்ஓ 15622 தரப்படி நெடுஞ்சாலை வேகத்தில் அது சுமார் 3.5 மீ/வி². அதாவது விநாடிக்கு 12, 13 கி.மீ. வேகம் குறையும். சத்தம் இருக்காது, டேஷ்போர்டில் முன் வண்டியின் படம் மட்டும் தோன்றி மறையும். தானியங்கி அவசர பிரேக் வேறு ரகம். ஐ.நா.வின் ஆர்152 விதி அதற்குக் குறைந்தபட்சமாகவே 5 மீ/வி² கேட்கிறது. காய்ந்த சாலையில் நல்ல டயரோடு இது 9ஐயும் தொடும்; விநாடிக்கு 30 கி.மீ.க்கு மேல் இறங்கும். பீப் ஒலி, சிவப்பு எச்சரிக்கை, சீட் பெல்ட் நெஞ்சை இறுக்குவது எல்லாம் இதன் அடையாளம். குரூஸை அணைத்தால் முதலாவது நிற்கும், இரண்டாவது நிற்காது. குரூஸை அணைத்த பிறகும் அதே இடத்தில் பிரேக் விழுந்தால், வேலையைச் செய்தது அவசர பிரேக்.

ரேடார் மட்டும்

77 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் முன்பக்க ரேடார், தொலைவையும் நெருங்கும் வேகத்தையும் நேரடியாக அளக்கிறது. இருட்டோ எதிர்வெயிலோ அதைப் பாதிக்காது, சாதாரண மழையும் பாதிக்காது. உயரத்தைப் பிரித்தறிவதில்தான் பழைய தலைமுறை ரேடார் தடுமாறுகிறது. சாலைக்கு மேலே நிற்கும் இரும்புப் பெயர்ப்பலகைச் சட்டம், மேம்பாலத்தின் அடிப்பகுதி, பாலத்து இணைப்பில் பதித்த இரும்புத் தகடு எல்லாமே அதற்கு "நேர் எதிரே, அசையாத உலோகம்" என்றுதான் தெரியும்.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட வழி, அதிக வேகத்தில் போகும்போது அசையாத பொருளிலிருந்து வரும் எதிரொலியை வடிகட்டிவிடுவது. வீண் பிரேக் குறைந்தது உண்மை. ஆனால் விளக்கில்லாமல் சாலையோரம் பாதி லேனை அடைத்து நிற்கும் லாரியும் அசையாத உலோகம்தானே! பல கார்களின் கையேட்டில் "நின்றிருக்கும் வாகனத்தைக் கண்டுகொள்ளாமல் போகலாம்" என்று எழுதியிருப்பது இதனால்தான். நம் நெடுஞ்சாலைகளில் இரவுப் பயணத்தின் பெரிய அபாயமே அந்த லாரிதான். ஒரு வண்டி அமைதியாக ஓடுகிறது என்பதற்காக மட்டும் அதற்கு நான் மதிப்பெண் போட மாட்டேன்.

கேமரா மட்டும்

இந்தியாவில் 2022இல் வந்த ஹோண்டா சிட்டி ஹைபிரிட், 2023இல் வந்த எலிவேட் ஆகியவை இந்த வகை. எதிரே இருப்பது லாரியா, பைக்கா, பாலத்தின் நிழலா என்று இனம் காண்பதும், லேன் கோட்டைப் பார்ப்பதும் கேமராவின் பலம். ஒற்றைக் கேமராவுக்குத் தொலைவு என்பது கணக்குப் போட்டு ஊகிப்பது. நெருங்கும் வேகத்தையும் படம் பெரிதாகும் விதத்தை வைத்தே கணிக்கிறது. எனவே காட்சி கெட்டால் கணக்கும் கெடும். மாலையில் சென்னையிலிருந்து பெங்களூரு நோக்கிப் போகும்போது முகத்தில் அறையும் வெயில், எதிர்த்திசை ஹைபீம், வைப்பர் தேய்ந்த கண்ணாடியில் மழை, மேம்பாலத்தின் கரிய நிழல் ஆகிய இடங்களில் கவனம் தேவை.

டெஸ்லா 2021 மே மாதத்தில் வட அமெரிக்க மாடல் 3, மாடல் ஒய் கார்களிலிருந்து ரேடாரை எடுத்தது. 2022 பிப்ரவரியில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு, காரணமின்றிப் பிரேக் விழுகிறது என்று ஒன்பது மாதத்தில் வந்த 354 புகார்களின் பேரில் அந்த மாடல்களில் சுமார் 4,16,000 கார்கள் மீது விசாரணை தொடங்கியது.

இரண்டும் சேர்ந்தது

மஹிந்திரா எக்ஸ்யுவி700, 2023 ஹூண்டாய் வெர்னா போன்றவை இந்த வகை. "80 மீட்டரில் ஏதோ நிற்கிறது" என்று ரேடார் சொன்னால், "அது வண்டியல்ல" என்று கேமரா மறுக்க முடியும். இருவரும் ஒத்துக்கொண்டால் மட்டும் பலமான பிரேக் என்று நிரல் எழுதலாம். நின்றிருக்கும் லாரியையும் இந்த வகையில்தான் அதிக நம்பிக்கையோடு கண்டுபிடிக்க முடியும்.

இதற்காக இது குறையற்றது என்று எண்ண வேண்டாம். டெஸ்லா மீதான விசாரணை தொடங்கிய அதே மாதம் ரேடாரும் கேமராவும் உள்ள ஹோண்டா அக்கார்ட், சிஆர்-வி கார்கள் சுமார் 17 லட்சத்தின் மீதும் அதே அமைப்பு விசாரணை தொடங்கியது. அங்கே வந்த புகார்கள் 278. இரண்டும் முரண்படும்போது யார் பேச்சைக் கேட்பது என்று எழுதிய விதியில்தான் ஒரு வண்டியின் தரம் இருக்கிறது. கோணம் தவறக்கூடிய பாகமும் ஒன்றுக்கு இரண்டாகிறது. ஆனாலும் நம் சாலைக்கு மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், இதைத்தான் சொல்வேன்.

மூன்றும் சறுக்கும் இடம்: வளைவு

ஆரம் 400 மீட்டர் உள்ள வளைவில், 60 மீட்டர் முன்னே சாலை 4.5 மீட்டர் பக்கவாட்டில் விலகிவிடும். ஒரு லேனின் அகலமோ 3.5 மீட்டர். நீங்கள் வலது லேனில் இருக்கிறீர்கள், சாலை வலப்பக்கம் திரும்புகிறது என்றால், ஸ்டீயரிங் திரும்பும் வரை காருக்கு நேர் எதிரே இருப்பது இடது லேன் லாரி. உடனே பிரேக். லேன் கோடு தெளிவாக இருந்தால் கேமரா இதைக் கணித்துவிடும். கோடு அழிந்த சாலையில் அதுவும் ரேடாரைப் போல, ஸ்டீயரிங் திரும்பிய பிறகே புரிந்துகொள்ளும். வளைவுக்கு முன்பே குரூஸ் வேகத்தை 10 கி.மீ. குறைப்பது நல்லது.

பைக் குறுக்கே நுழைந்ததால் விழும் பிரேக்கை வீண் பிரேக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது வண்டி தன் வேலையைச் செய்தது. 100 கி.மீ. வேகத்தில் முன் வண்டியோடு 2.5 விநாடி இடைவெளி என்றால் 70 மீட்டர். அவ்வளவு இடம் விட்டால் யாராவது நுழையத்தான் செய்வார்கள். இதற்காக இடைவெளியை 1 விநாடிக்குக் குறைப்பது, அதாவது 28 மீட்டருக்குக் கொண்டுவருவது, தவறான வைத்தியம். வேகத்தை 80க்கு இறக்கி, நடுத்தர இடைவெளியாக 1.8 விநாடி, அதாவது 40 மீட்டர் வையுங்கள்.

கோளாறு நம் கையால் வருவதும் உண்டு. ஃபாஸ்டேக் ஸ்டிக்கரைக் கண்ணாடியின் நடுவே ஒட்டுகிறோம். கேமரா பார்ப்பதும் அங்கேதான். கேமராவின் பார்வைப் பகுதியை விட்டு ஒட்டச் சொல்லுங்கள், கண்ணாடியின் உட்பக்கத்தையும் துடையுங்கள். முன்கண்ணாடி மாற்றினால் கேமராவை மறுபடி காலிபரேட் செய்தே, அதாவது கோணத்தைச் சரிபார்த்து அமைத்தே ஆக வேண்டும். ரேடாரின் கோணம் 1 டிகிரி விலகினால் 100 மீட்டரில் 1.75 மீட்டர் பிசகும். அதாவது பாதி லேன். லேசாக இடித்த பம்பரைப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தவர்கள், ரேடாருக்கு முன்னால் பட்டி தடித்திருக்கிறதா என்று பாருங்கள். டிக்கியில் பாரம் ஏற்றி மூக்கு மேலே தூக்கினால், மேம்பாலங்கள் ரேடாரின் பார்வைக்குள் வரும்.

தானாகப் பிரேக் விழுந்ததும், எதிரே தடை இல்லை என்பது கண்ணுக்கு உறுதியானால், ஆக்சிலரேட்டரை மிதியுங்கள். குரூஸ் போட்ட பிரேக் உடனே விடும். அவசர பிரேக்கும் பெரும்பாலான கார்களில் அழுத்தி மிதித்தால் விடும். இடம், நேரம், வெயிலின் திசை, டேஷ்போர்டில் வந்த படம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ஒரே மேம்பாலத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அந்த இடத்தைச் சந்தேகியுங்கள். எங்கும் வந்தால் சென்சாரின் கோணத்தைச் சந்தேகியுங்கள்.

டெஸ்ட் டிரைவில் விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை: நின்றிருக்கும் வண்டிக்கு எந்த வேகம் வரை பிரேக் பிடிக்கும், காலிபரேஷன் வசதி உங்கள் ஊர் சர்வீஸ் சென்டரிலேயே இருக்கிறதா, அதற்கு என்ன செலவு, எச்சரிக்கையின் நேரத்தை முன்பின் மாற்ற முடியுமா.

எங்கே பயன்படுத்துவது என்றால், செங்கல்பட்டைத் தாண்டித் திருச்சி வரை நெரிசல் இல்லாத நேரத்தில் தாராளமாகப் போடலாம். தாம்பரம்–செங்கல்பட்டு இடையே அணைத்துவிடுங்கள். வண்டியில் வைத்த வேகத்தைத் தாண்ட விடாத ஸ்பீட் லிமிட்டர் இருந்தால் அங்கே அது போதும், அது தானாகப் பிரேக் போடாது. எதிர்வண்டி ஓவர்டேக் செய்து நம் லேனுக்குள் வரும் இருவழிச் சாலையில் குரூஸே வேண்டாம். அவசர பிரேக்கை மட்டும் எந்தச் சாலையிலும் அணைக்காதீர்கள்.