பழைய காரில் துரு: வெட்டி ஒட்டிய இடமும் மேலே பூசிய இடமும்

பதினைந்து வயது தாண்டிய என் காரில் துரு வேலை பார்த்துப் பல மழைக்காலங்கள் ஓடிவிட்டன. எது தாங்கியது, எது தாங்கவில்லை என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

முதலில் கண்ணில் பட்டது பின்சக்கர வளைவில் பெயிண்ட் கொப்பளித்திருந்ததுதான். காரைத் தூக்கிப் பார்த்தபோதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. கதவுகளுக்குக் கீழே ஓடும், உள்ளே கூடாக இருக்கும் பாடிப் பகுதியான ரன்னிங் போர்டில் (கால் வைத்து ஏறும் படி அல்ல), ஜாக்கி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்தினேன். தகடு மொறுமொறுவென்று உடைந்து, ஈரமான துருச் செதில்கள் கொட்டின. வடிகால் துளைகளில் சேறு அடைத்துக்கொண்டதால் தண்ணீர் உள்ளேயே தேங்கி, உள்பக்கமிருந்து அரித்திருக்கிறது.

சரிசெய்வதா, கழிப்பதா? எஞ்சினும் கியர்பாக்ஸும் நல்ல நிலையில் இருந்தன. ஆனாலும் என் முடிவு அதை வைத்து இல்லை. சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்களையும் முன்பக்க ஸ்ட்ரட் டவர்களையும் (ஷாக் அப்சார்பரின் மேல்முனை பொருந்தும் இடங்கள்) சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். எங்கும் கெட்டியாக இருந்தது. அங்கேயும் ஓட்டை விழுந்திருந்தால் வண்டியைக் கழித்திருப்பேன். தனிச் சேஸி இல்லாத காரில் பாடிதான் எலும்புக்கூடு. ரன்னிங் போர்டும் அதில் சேர்த்திதான்.

ஒரு பட்டறையில் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) போட்டு, மேலே அண்டர்கோட்டிங் என்ற அடிப்பகுதிப் பூச்சு அடித்துவிடலாம் என்றார்கள். மறுத்துவிட்டேன். துருவை மூடினால் ஈரம் உள்ளே சிக்கி இன்னும் வேகமாகத் தின்னும். (பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஒரு காந்தம் கொண்டுபோங்கள், தடிமனாகப் பட்டி போட்ட இடத்தில் ஒட்டாது.) தகடு வேலை பார்க்கும் வேறொரு டிங்கர் நல்ல தகடு வரும்வரை வெட்டியெடுத்து, புதுத் தகட்டை வெல்டிங் செய்தார். மெல்லிய தகடு சூட்டில் நெளியும் என்பதால், இடம் மாற்றி மாற்றிப் பொட்டுப் பொட்டாக வைத்தார். பிறகு எபாக்ஸி பிரைமர், சீலர், பெயிண்ட். வெல்டிங் சூட்டில் எரிந்துவிடும் என்பதால் உள்ளே துரு தடுக்கும் மெழுகு அடிப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டோம். அந்த இடம் இன்றுவரை அசையவில்லை.

சக்கர வளைவைச் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் (துருவைக் கெட்டியான படலமாக மாற்றும் திரவம்) பூசி பெயிண்ட் அடித்ததோடு சரி. அங்கே கொப்புளம் திரும்ப வந்துவிட்டது. இரண்டு தகடுகள் மடிந்து சேரும் இடுக்குக்குள் பிரஷ் போகாதே! ஆனால் அது அழகுப் பிரச்சினை மட்டுமே. அவ்வப்போது தேய்த்துப் பூசிக்கொள்கிறேன். வெட்டி ஒட்டும் செலவு அங்கே தேவையில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். மழைக்கு முன்னால் வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தி விடுவதைத்தான் தவறவிடுவதில்லை.